வயதைச் சேர்த்தால் வித்தியாசம் மறைகிறதே, எதை நம்புவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். குடிநோய்க்குச் சிகிச்சை பெறும் 24 பேர், ஒப்பிடுவதற்குக் குடிப்பழக்கம் இல்லாத 22 பேர். எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. நோயாளிகள் அத்தனை பேரும் ஆண்கள், சராசரி வயது 44. ஒப்பீட்டுக் குழுவில் 9 பெண்கள், சராசரி வயது 31. இரண்டு பக்கமும் வயதின் திட்ட விலக்கம் 7 சுமார். மூளையின் சாம்பல் நிறப் பகுதியான கிரே மேட்டரின் மொத்த அளவைக் குழுவுக்குக் குழு ஒப்பிட்டால் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03 வருகிறது. வயதை கோவேரியட்டாக, அதாவது கூடவே சரிசெய்ய வேண்டிய மாறியாகப் போட்டதும் 0.4 ஆகிவிடுகிறது. வாக்ஸல் வாக்ஸலாக, அதாவது படத்தின் ஒவ்வொரு குட்டிக் கனசதுரமாகப் பார்த்த படத்திலும் அதே கதை. நடுவில் எஃப்எஸ்எல் என்ற ஸ்கேன் மென்பொருள் 'ரேங்க் டெஃபிஷியன்ட்' என்று எச்சரிக்கிறது. வயதிலிருந்து மொத்தச் சராசரியைக் கழிப்பதா, அந்தந்தக் குழுவின் சராசரியைக் கழிப்பதா என்பதும் புரியவில்லை. கைடு 0.03-ஐ எழுதிவிடு என்கிறார். தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் இது உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க மூன்று நான்கு கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: நோயும் வயதும் ஒன்றாகவே வந்திருக்கும்போது, இரண்டையும் கணக்கை வைத்துப் பிரித்துவிட முடியுமா?

நான் மருத்துவர் இல்லை. புள்ளியியல் படித்துவிட்டு, புதுச்சேரியில் மூளை ஸ்கேன் ஆய்வு செய்பவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவன். பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. அதனால் குடிநோய் மூளையை என்ன செய்யும் என்பதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. டிசைன் மேட்ரிக்ஸில், அதாவது ஆளுக்கு ஒரு நிரை, மாறிக்கு ஒரு நிரல் என்று மென்பொருளுக்குக் கொடுக்கும் அட்டவணையில், எந்த நிரல் என்ன செய்யும் என்பதைச் சொல்ல முடியும்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். நோயாளிகளுக்கு 1 போட்டு ஒரு நிரல், மற்றவர்களுக்கு 1 போட்டு இன்னொரு நிரல் வைத்திருக்கிறீர்கள். அதோடு 'இன்டர்செப்ட் (பொது மாறிலி) வேண்டுமே' என்று எல்லோருக்கும் 1 போட்டு மூன்றாவது நிரலும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடுகிறது. அப்புறம் எந்த எண் எந்த நிரலுக்குச் சொந்தம் என்று மென்பொருளால் சொல்ல முடியாது. அதைத்தான் அது புலம்புகிறது. மூன்றாவதை எடுத்துவிடுங்கள், காண்ட்ராஸ்ட் (எந்த நிரலிலிருந்து எதைக் கழிப்பது என்று சொல்லும் எண்கள்) 1, −1, பிறகு பூஜ்யங்கள். வேண்டுமானால் இன்டர்செப்ட்டை வைத்துக்கொண்டு, நோயாளிக்கு 1, மற்றவருக்கு −1 என்று ஒரே குழு நிரல் போடலாம். பி மதிப்பு மாறாது, கிடைக்கும் மதிப்பீடு மட்டும் வித்தியாசத்தில் பாதியாக இருக்கும். பக்கத்து ஆய்வகத்தில் எஸ்பிஎம் என்ற இன்னொரு மென்பொருள் இதே மாதிரிக்கு வாய் திறக்கவில்லையே என்று கேட்பீர்கள். அது பொதுமை நேர்மாறு அணியை (நிரல்கள் இப்படி மிகையாக இருந்தாலும் தீர்வு தரும் கணக்கு) வைத்துத் தீர்த்துக்கொள்கிறது, குழு வித்தியாசம் போன்ற நியாயமான காண்ட்ராஸ்ட்டுக்கு அதே விடைதான் வரும். அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் நம் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் ஒருவர் என்பதை இங்கே யாராவது சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

அடுத்தது சராசரி கழிப்பு. இதில் இணையம் முழுக்கக் குழப்பம் மண்டிக் கிடக்கிறது, ஆனால் விஷயம் சின்னது. 46 பேரின் வயதிலிருந்தும் ஒரே மொத்தச் சராசரியைக் கழித்தாலும், கழிக்காமல் விட்டாலும், இரண்டு குழுவுக்கும் ஒரே சரிவு (வயது ஒரு வருஷம் கூடினால் கிரே மேட்டர் எவ்வளவு மாறும் என்பது) என்று வைத்திருக்கும் வரை குழு வித்தியாசத்தின் விடை மயிரிழைகூட மாறாது. குழுச் சராசரிகளின் தனித்தனி மதிப்புதான் மாறும். ஆனால் அந்தந்தக் குழுவின் சராசரியைக் கழித்தால் கேள்வியே மாறிப்போகிறது. 44 வயது நோயாளியும் 31 வயது ஆரோக்கியமானவரும் இருவரும் பூஜ்யம் ஆகிவிடுகிறார்கள். அந்த 13 வருஷ இடைவெளியைக் கணக்கு பார்ப்பதே இல்லை; வித்தியாசத்தில் அது அப்படியே தங்கிவிடுகிறது. 'வயதுக்குச் சரிசெய்தோம்' என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கும், உள்ளே எதுவும் சரியாகியிருக்காது. இப்படிப்பட்ட வரியை நானே இரண்டு மூன்று ஆய்வேடுகளில் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். குழுவுக்கு ஒரு சரிவு என்று தனித்தனியாக வைத்தால் மட்டும், எந்த வயதை நடுப்புள்ளியாக எடுக்கிறோமோ அந்த வயதில் உள்ள வித்தியாசம்தான் விடையாக வரும். கோடுகள் இணையாக இல்லாதபோது 'ஒரே வித்தியாசம்' என்று ஒன்று கிடையாது. உங்களிடம் இருக்கும் எண்ணிக்கைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன். சரிவு வேறுபடுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது 0.03-க்கும் 0.4-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று எண்களைப் போட்டே பார்க்கலாம். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் தரவு அல்ல. நோயாளிகளின் கிரே மேட்டர் சராசரி 620 மில்லிலிட்டர், மற்றவர்களுக்கு 650. வித்தியாசம் 30, திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு ஊசலாடும் என்பதன் அளவு) சுமார் 13.4. பி மதிப்பு 0.03 வரும், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு) சுமார் 3 முதல் 57 வரை. வயது ஏற ஏற கிரே மேட்டர் குறையும், ஆண்டுக்கு 1.2 என்று வைப்போம். 13 ஆண்டுக்கு 15.6 ஆயிற்று. 30-ல் அதைக் கழித்தால் மிச்சம் 14.4. பாதி வித்தியாசம் இன்னும் அங்கேயே இருக்கிறது, கவனித்தீர்களா? பி மதிப்பு 0.4-க்குத் தாவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயது நிரலும் குழு நிரலும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கொடுத்த சராசரியையும் விலக்கத்தையும் வைத்துப் போட்டால், வயதைச் சேர்த்ததால் மட்டுமே குழு மதிப்பீட்டின் திட்டப் பிழை கிட்டத்தட்ட 1.38 மடங்கு வீங்குகிறது. சிதறலில் ஒரு துளியை வயது உறிஞ்சிக்கொண்ட பிறகும் 18.4 ஆகிறது. ஆக நம்பிக்கை இடைவெளி சுமார் −23 முதல் +51 வரை. இதற்கு அர்த்தம் 'வித்தியாசம் இல்லை' என்பதல்ல. 'இந்த 46 பேரை வைத்துக்கொண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை' என்பதுதான். கைடு 0.03 என்கிறார், நீங்கள் 0.4 என்று பயப்படுகிறீர்கள். இரண்டு பேரும் பி மதிப்பைப் பார்க்கிறீர்கள், இடைவெளியைப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னது கணக்கு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. இனிமேல் வருவதில் இருக்கிறது.

பண்ருட்டிப் பக்கம் இரண்டு முந்திரித் தோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லாம் முப்பது வருஷத்து மரம், மற்றதில் எல்லாம் எட்டு வருஷத்து மரம். காய்ப்பு வேறுபடுகிறது. மண்ணாலா, மர வயதாலா? 'மர வயதைச் சரிசெய்துவிட்டேன்' என்று கம்ப்யூட்டர் ஓர் எண் கொடுக்கும். பழைய தோப்பில் இல்லவே இல்லாத இளமரமும் புதுத் தோப்பில் இல்லவே இல்லாத கிழமரமும் எப்படிக் காய்த்திருக்கும் என்று நேர்கோடு ஒன்றை நீட்டி ஊகித்த எண் அது. முந்திரி விவசாயி சிரிப்பார். 1967-ல் ஃப்ரெடெரிக் லார்ட் என்ற புள்ளியியலாளர் இப்படியொரு புதிரைப் போட்டார்: ஒரே தரவு, இரண்டு புள்ளியியலாளர்கள், இரண்டு நியாயமான முறைகள், எதிரெதிர் விடைகள். 2001-ல் மில்லரும் சாப்மனும் இதையே மனநல ஆய்வுகளை வைத்து விளக்கினார்கள்: குழுக்களே ஒரு விஷயத்தில் வேறுபட்டு அமைந்திருக்கும்போது, கோவேரியட்டாகச் சேர்த்து அதைச் சமன்செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள் என்று. உங்கள் நிலைமை தோப்பு அளவுக்கு மோசமில்லை. 44-ம் 31-ம், விலக்கம் 7 என்றால் முப்பதுகளின் பிற்பாதியில் இரண்டு குழு ஆட்களும் கலந்திருப்பார்கள். இன்றைக்கே ஒரு வரைபடம் போடுங்கள்: கிடையில் வயது, மேலே கிரே மேட்டர், குழுவுக்கு ஒரு நிறம். 35-லிருந்து 42 வரை இரண்டு நிறமும் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். நாலைந்துதான் என்றால் மாடலை எப்படித் திருப்பிப் போட்டாலும் பிரயோஜனமில்லை. பத்துப் பன்னிரண்டு என்றால், வயதைச் சேர்த்த விடைதான் 'ஒரே வயதுக்காரர்களில் வித்தியாசம் உண்டா' என்ற உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது.

வரைபடம் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது என் சொந்த அவமானம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குழுவுக்கு இதே மாதிரிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். எக்ஸெல் தாளில் ஆட்கள் பி1, பி2, பி3 என்று வரிசையாக இருந்தார்கள். வயதையும் தலை அளவையும் அந்த வரிசையிலேயே டிசைன் மேட்ரிக்ஸில் ஒட்டினேன். ஆனால் ஸ்கேன் கோப்புகளைக் கம்ப்யூட்டர் எழுத்து வரிசையில் அடுக்குகிறது: பி1, பி10, பி11, பி12 என்று பி19 வரை போய்விட்டு அப்புறம்தான் பி2. குழு எழுத்து வேறு என்பதால் யார் நோயாளி என்பது சரியாகவே இருந்தது. உள்ளுக்குள் வயதுகள்தான் ஆள் மாறிப்போயிருந்தன. மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் சும்மா ஏழாவது நிரையின் படத்தைத் திறந்தேன். தாளில் 23 வயது மாணவர். திரையில் பார்த்தால் மூளையின் மடிப்புகளெல்லாம் அகன்று, நடுவில் நீர் அறைகள் பெருத்து, காய்ந்த கொப்பரை ஓட்டைவிட்டு விலகிய மாதிரி மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் கறுப்பாக இடைவெளி. அது பி15, வயது 58. கையில் இருந்த காபி ஆறிப்போகும் வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இது நடந்திருந்தால் பி மதிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. குழுவுக்குள் வயது தாறுமாறாகக் கலைந்திருந்தாலும் 44, 31 என்ற சராசரி இடைவெளி அந்த நிரலில் அப்படியே இருக்கும். அது குழு நிரலைத் தழுவிக்கொண்டு திட்டப் பிழையை வீங்கவைக்கும், 0.03 காணாமல் போகும். நீங்களும் 'வயதுதான் காரணம்' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஆகவே வயது நிரலின் சரிவை மட்டும் தனியாகக் காண்ட்ராஸ்ட் போட்டுப் பாருங்கள். வயது கூடக் கூட கிரே மேட்டர் குறைந்தாக வேண்டும். குறையவில்லை என்றால் வேறு எதையும் யோசிக்காமல் கோப்பு வரிசையைச் சரிபாருங்கள். ஸ்கேன் எடுக்கும்போதே பி01, பி02 என்று பூஜ்யம் போட்டுப் பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது பெண்களும் ஒரே குழுவில். ஆண்-பெண் என்று ஒரு நிரல் சேர்த்தால், அந்த ஒன்பது பேரின் சராசரியை அந்த நிரலே விழுங்கிக்கொள்ளும். குழு ஒப்பீடு நடைமுறையில் 24 ஆண் நோயாளிகளுக்கும் 13 ஆண்களுக்கும் இடையில்தான் நடக்கும். நிரலைச் சேர்க்காமல் விட்டால் பெண்களின் தலை அளவு வித்தியாசமெல்லாம் குடிநோயின் கணக்கில் எழுதப்படும். என் யோசனை, பெண்களை இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, 'ஆண்களில்' என்று தலைப்பிலேயே போடுங்கள். 37 பேர், நான்கு நிரல்கள் (இரண்டு குழு, வயது, தலை அளவு), சுதந்திரக் கூறுகள், அதாவது சிதறலை மதிப்பிட மிஞ்சும் தகவல், 33. எண்ணிக்கை குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், அந்த ஒன்பது பேர் உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே பெரிதாக எதுவும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ஜாக்கிரதை மட்டும்: 24-க்கு 13 என்று குழுக்கள் சமமில்லாதபோது, சின்னக் குழுவின் சிதறல் பெரிதாக இருந்தால் பொய் முடிவுகள் கூடும். சிதறலை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலை அளவு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கொள்ளளவை ஒப்பிடும்போது அது வேண்டும். கோவேரியட்டாகச் சேர்க்கலாம், அல்லது அதால் வகுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிமனை அளந்திருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது.

'குடித்த வருஷங்கள்' என்பதையும் ஒரு நிரலாகப் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அப்படியே போடக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அது எல்லாம் பூஜ்யம். குழு என்பதையே வேறு வார்த்தையில் சொல்வது மாதிரி. நோயாளிகளுக்குள் மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கேயும் வயதோடு பின்னிக்கொண்டு வரும் என்பதை மறக்க வேண்டாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கடைசியாகக் குடித்து எத்தனை நாள் கழித்து ஸ்கேன் எடுத்தீர்கள் என்பது. குடியை நிறுத்திய முதல் சில வாரங்களிலேயே மூளையின் கொள்ளளவு ஓரளவு மீள்கிறது என்பது என்னைவிட உங்கள் துறையினருக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் நாள் ஒருவருக்கும் நாற்பதாம் நாள் ஒருவருக்கும் எடுத்திருந்தால், அந்த நாள் கணக்கு ஆய்வேட்டில் இருந்தாக வேண்டும்.

வாக்ஸல் படத்தைப் பற்றிக் கொஞ்சம். 2 மில்லிமீட்டர் அளவில் மூளைக்குள் சுமார் 2,28,000 வாக்ஸல்கள். இத்தனை சோதனைகள் ஒரே நேரத்தில் நடப்பதற்கான திருத்தம் செய்யாமல் 0.05 என்று வைத்தால், வித்தியாசமே இல்லாத இடத்திலும் சுமார் 11,400 வாக்ஸல் ஒளிரும். 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் படுக்கவைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளை 'வேலை செய்வதாக' நிரூபித்துக் காட்டினார்கள். 2012-ல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. கடலூர் துறைமுகத்து மீன்காரம்மாவிடம் சொன்னால் ஸ்கேன் இல்லாமலேயே உண்மையைச் சொல்லியிருப்பார். திருத்தம் செய்வதிலும் பள்ளம் உண்டு: 2016-ல் எக்லண்ட், நிக்கோல்ஸ், நுட்சன் மூவரும் 499 ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களை வைத்து லட்சக்கணக்கில் பொய்க் குழு ஒப்பீடுகள் செய்து பார்த்தார்கள். 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய் முடிவு, சில கிளஸ்டர் முறைகளில் (ஒளிரும் வாக்ஸல் கூட்டத்தின் அளவை வைத்துத் தீர்மானிப்பவை) 70 சதவீதம் வரை போனது. அவர்கள் பார்த்தது எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன்), உங்களுடையது கொள்ளளவு. ஆனாலும் வரிசைமாற்றச் சோதனைக்கு (யார் எந்தக் குழு என்பதைப் பலமுறை கலைத்துப்போட்டு ஒப்பிடும் முறை) போவதே உத்தமம். அதற்கு எஃப்எஸ்எல்-லில் ரேண்டமைஸ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. 5000 முறை ஓடவிட்டால் 0.05-ஐச் சுற்றி ±0.006 ஊசலாட்டம் இருக்கும், அதனால் 0.048 வந்தது என்று குதிக்க வேண்டாம். இன்னொன்று, 1, −1 என்றும் −1, 1 என்றும் இரண்டு காண்ட்ராஸ்ட்டும் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் ஒருபக்கச் சோதனை. இரண்டையும் 0.05-ல் பார்த்தால் உண்மையில் 0.10-ல் பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0.025 வையுங்கள்.

நேரம் இருந்தால், மாடலை மாற்றுவதைவிட ஆள் சேர்ப்பதுதான் வைத்தியம். ஒப்பீட்டுக் குழு பெரும்பாலும் வளாகத்து மாணவர்கள், ஊழியர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கண் பிரிவுக்கோ எலும்பு பிரிவுக்கோ அப்பாவை, அண்ணனைக் கூட்டிக்கொண்டு வில்லியனூரிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் வருகிறார்களே, 40-லிருந்து 50 வயது ஆண்கள், அவர்களில் குடிப்பழக்கம் இல்லாத பத்துப் பேர் சம்மதித்தால் உங்கள் திட்டப் பிழை நிஜமாகவே இறங்கும். நோயாளிகளின் சொந்த அண்ணன் தம்பிகளைச் சேர்க்காதீர்கள். ஒரே வீட்டு ஆட்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணும் தப்பு வந்துவிடும்.

நேரம் இல்லை என்றால் 0.03-ஐ மட்டும் எழுதுவதும் 0.4-ஐ மட்டும் எழுதுவதும் இரண்டும் சரியில்லை. அட்டவணையில் இரண்டு மாடலையும் நம்பிக்கை இடைவெளியோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே இப்படி ஒரு வரி எழுதலாம்: 'இரு குழுக்களின் வயது கணிசமாக வேறுபடுவதால், காணப்பட்ட வித்தியாசத்தில் எவ்வளவு குடிநோயால், எவ்வளவு வயதால் என்பதை இந்த மாதிரியிலிருந்து பிரித்துக் கூற இயலவில்லை.' கைடிடம் காட்டும்போது வயது வரைபடத்தையும் கையோடு கொண்டு போங்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 0.03-ஐ எழுது என்று சொல்லும் கைடை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஒன்று மட்டும் உங்கள் கேள்வியில் இல்லை, எழுதுங்கள்: ஸ்கேன் தேதிகள். நோயாளிகள் எல்லோருக்கும் முதலில் எடுத்து, இயந்திரத்தின் மென்பொருளோ காயிலோ (தலையைச் சுற்றி வைத்து சமிக்ஞை வாங்கும் பாகம்) மாறிய பிறகு மற்றவர்களுக்கு எடுத்திருந்தால், மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது.